"விளங்கினது மிஸ்" என்கிறார்கள், அடுத்த நாள் ஒன்றும் இல்லை: வகுப்பில் அறிகைச் சுமை

வெண்கட்டி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் தரம் 10, 11க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். இது 14ஆவது வருடம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு இதைக் கேட்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன கிழமை வட்டத் தேற்றம். "வட்டமொன்றின் வில்லினால் மையத்தில் எதிரமைக்கப்படும் கோணம், அவ்வில்லினால் வட்டத்தின் எஞ்சிய பகுதியில் எதிரமைக்கப்படும் கோணத்தின் இரு மடங்காகும்." பலகையில் படம் கீறினேன். தேற்றத்தை எழுதினேன். நிறுவலை வரிவரியாக எழுதிக்கொண்டே விளங்கப்படுத்தினேன். பிள்ளைகள் சத்தம் போடாமல் கொப்பியில் எழுதினார்கள். "விளங்கினதோ?" "ஓம் மிஸ்." 34 தலையும் ஆடின.

அடுத்த நாள் அதே படத்தைக் கொஞ்சம் திருப்பிக் கீறி, மையக் கோணம் 110 பாகை, மற்றக் கோணம் என்ன என்று கேட்டேன். 6 பேர் சரி. ஒரு பிள்ளை 220 என்றாள். மிச்சப் பேர் பலகையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் அச்சடித்த மாதிரி. தேற்றத்துக்குச் சிவப்பு, நிறுவலுக்கு நீலம், கீழே அடிக்கோடு. அதைப் பார்த்துத்தான் பயந்தேன். இவர்கள் சோம்பேறிகள் இல்லை. 40 நிமிடமும் வேலை செய்திருக்கிறார்கள், ஆனால் அந்த வேலை வேறு எதற்கோ போயிருக்கிறது.

ஒரு செயலமர்வில் 'அறிகைச் சுமை' என்று சொன்னார்கள். ஒரு மணித்தியாலத்தில் 52 ஸ்லைட். எனக்கு அந்தச் சொல் மட்டும்தான் ஞாபகம் நின்றது. தெரிந்தவர்கள் விளங்கப்படுத்துவீர்களா?

---

மூன்றாம்பாடவேளை

ரீச்சர், நான் உயர்தரத்துக்கு (ஏ.எல்.) இரசாயனவியல். 52 ஸ்லைட்டில் அறிகைச் சுமை பற்றிச் சொல்வது, பட்டினி கிடந்து சமையல் படிப்பிப்பது மாதிரி. சரி, விசயத்துக்கு வருகிறேன்.

ஒரே நேரத்தில் மனதில் வைத்து வேலை செய்யக்கூடிய இடம் மிகச் சின்னது. அதைத் தொழிற்படு நினைவு என்கிறோம். படிக்கும்போது அந்த இடத்தில் ஏறும் பாரம்தான் அறிகைச் சுமை. ஜோர்ஜ் மில்லர் 1956இல் 7, கூடக்குறைய 2 என்றார். பிறகு நெல்சன் கோவன் 2001இல், சொல்லிச் சொல்லிப் பார்ப்பது போன்ற உதவிகளைக் கழித்துவிட்டால் 4 அளவில்தான் என்றார். இந்த இறுக்கம் புதிய விசயங்களுக்கு மட்டும்தான். நீண்டகால நினைவில் ஏற்கெனவே கட்டி வைத்தது எவ்வளவு பெரிய பொதியாக இருந்தாலும், இங்கே வரும்போது அது ஒரு இடத்தைத்தான் பிடிக்கும். தொலைபேசி இலக்கத்தை எடுங்கள். 021 என்றதும் எங்களுக்கு 'யாழ்ப்பாணம்'. 3 இலக்கம் ஒன்றாகிவிட்டது. கனடாவில் பிறந்து வளர்ந்த மச்சானுக்கு அது 0, 2, 1.

இதைப் படிப்பித்தலோடு சேர்த்தவர் ஜோன் சுவெல்லர், அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம். 1988இல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் உறைக்கிறது: பிள்ளை கணக்கைச் செய்து விடையும் எடுக்கலாம், ஆனால் ஒன்றும் படிக்காமல் இருக்கலாம். விடையைத் தேடி முன்னும் பின்னும் ஓடுவதே உள்ள இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. 'இது எந்த வகைக் கணக்கு' என்பது பதிய இடம் மிஞ்சுவதில்லை.

இப்போது உங்கள் பாடவேளை. ஒரு பிள்ளை அங்கே செய்தது: உங்கள் குரலைக் கேட்டது, பலகையை வாசித்தது, வரியில் சொன்ன கோணத்தைப் படத்தில் தேடியது, குனிந்து எழுதியது, நிமிர்ந்தபோது எந்த வரியில் விட்டேன் என்று தேடியது, பேனை மாற்றியது. 'எதிரமைக்கப்படும்' என்றால் என்ன என்று நின்று யோசிக்க யாருக்கு நேரம்?

---

ரியூசன்காரன்

எல்லாம் சரி. எங்கள் காலத்தில் ஒரு பலகை, ஒரு வெண்கட்டி, 60 பிள்ளைகள். குப்பி விளக்கில் படித்து டொக்டராகவும் என்ஜினியராகவும் போனார்கள். அப்போது யார் சுமை அளந்தது? இப்போது பிள்ளைக்குக் கொஞ்சம் வேர்த்தாலே 'சுமை' என்கிறோம். சுமக்காமல் தோள் எப்படி உரக்கும்?

இன்னொன்று. இந்தச் சுமையை என்ன தராசில் நிறுக்கிறார்கள்? நான் தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் பிள்ளையிடமே '1இல் இருந்து 9 வரைக்குள் எவ்வளவு மன முயற்சி எடுத்தாய்' என்று கேட்கிறார்கள். என் பொடியன்களிடம் கேட்டால் எல்லோரும் 9 என்பார்கள், வீட்டு வேலை குறையும் என்று.

---

பனங்கூடல்

தம்பி ரியூசன்காரன், குப்பி விளக்கில் படித்து டொக்டரானவர்களைத்தான் நாங்கள் எண்ணுகிறோம். அதே வாங்கில் இருந்து தரம் 8உடன் நின்றவர்களை நான் பெயர் சொல்லி எண்ணுவேன். நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியன். அவர்களில் சிலருக்கு நானே காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

தராசு பற்றி நீர் கேட்டது நல்ல கேள்வி. அதில் எனக்கும் திருப்தி இல்லை. ஆனால் சந்தைக்குத் தேங்காய் கொண்டு போனவனுக்குத் தராசு தேவையில்லை. கையில் அள்ளினால் 4 தேங்காய், 5ஆவது காலில் விழும். சாக்கில் போட்டுக் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்தால் 40. பாரம் கூடத்தான், ஆனால் சுமக்கலாம்.

வெண்கட்டி பிள்ளையின் தேற்றத்தைப் பார்ப்போம். அதன் நிறுவலுக்கு என்ன வேண்டும்? ஆரைகள் சமம், ஆகவே இருசமபக்க முக்கோணி, ஆகவே அடிக்கோணங்கள் சமம். பிறகு, புறக்கோணம் அகத்தெதிர்க் கோணங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். இந்த இரண்டும் முந்தைய வகுப்புகளில் வந்தவை. அவை சாக்கில் கட்டியிருக்கும் பிள்ளைக்கு உங்கள் நிறுவல் 3 அடி. கட்டாத பிள்ளைக்கு 10 தேங்காய், எல்லாம் உருளுது. அந்தப் பிள்ளை எழுதுவதைத் தவிர வேறென்ன செய்யும்? எழுதுவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை.

நான் என்றால் அந்தத் தேற்றத்துக்கு முன் ஒரு பாடவேளை முழுவதும் வட்டத்துக்குள் இருசமபக்க முக்கோணிகளை மட்டும் கீற வைப்பேன். தேற்றத்தின் பெயரையே எடுக்க மாட்டேன்.

பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாடமாக்குவதை நவீனக்காரர்கள் கேலி செய்தார்கள். 7 எட்டு 56 என்று வாய் தானாகச் சொல்லாத பிள்ளை, பின்னச் சுருக்கத்தில் அந்த 56ஐத் தேடப் போய்விடும். திரும்பி வரும்போது பின்னம் போயிருக்கும்.

---

இலக்கணப்பூனை

கணிதக்காரர் மட்டும்தான் கதைக்கலாமா? வடமராட்சியில் தமிழ் படிப்பிக்கிறேன், ஒரு சந்தேகம் தீர்ந்தது.

ஒத்தசொல் 50 கொடுத்தால் பிள்ளைகள் முணுமுணுத்தபடியே பாடமாக்கி வந்துவிடுவார்கள். புணர்ச்சியில் 5 கொடுத்தால் வகுப்பு சாய்ந்துவிடும். 50 பாரமா, 5 பாரமா? ஒத்தசொல் ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்று மறந்தால் ஒன்றுதான் போகும். 'கல் + சிலை = கற்சிலை' அப்படியா? நிலைமொழி ஈறு லகரம், வருமொழி முதல் வல்லினம், சேர்க்கை வேற்றுமையா அல்வழியா, அதற்கு எந்த விதி, விதியின்படி எது எதுவாகத் திரிகிறது. இவ்வளவையும் ஒரே நேரத்தில் பிடித்தபடி நிற்க வேண்டும். ஒன்றைக் கைவிட்டால் எல்லாம் போச்சு.

ஆக எத்தனை என்பதை விட, ஒன்றோடு ஒன்று எவ்வளவு பின்னியிருக்கிறது என்பதுதான் பாரம். சரிதானா மூன்றாம்பாடவேளை?

---

மூன்றாம்பாடவேளை

சரியேதான் ரீச்சர். அந்தப் பின்னல்தான் பாடத்தின் சொந்தச் சுமை. அதைக் குறைக்கப் போனால் பாடமே குறைந்துவிடும். அடி அடியாகப் பிரித்துக் கொடுக்கலாம், பனங்கூடல் சேர் சொன்ன மாதிரி முன்கூட்டியே கட்டி வைக்கலாம், அவ்வளவுதான். நாங்கள் படிப்பிக்கும் முறையால் ஏற்றுவது மற்றச் சுமை. அதற்குப் பிள்ளைக்குப் பதிலாக நாங்கள்தான் பொறுப்பு.

என் பாடத்தில்: மூலகங்களின் குறியீடு 20 பாடமாக்குவது இலகு. சமன்பாட்டைச் சமப்படுத்துவது அப்படியில்லை. ஒட்சிசனில் ஒன்றை மாற்றினால் ஐதரசன் குழம்பும்.

---

கடைசிவாங்கு

நான் படிப்பிப்பவன் இல்லை, படிப்பவன். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல். பெயர் மாதிரியே கடைசி வாங்கு.

ஏ.எல். வரை எல்லாம் தமிழில். 'விசை', 'உந்தம்', 'முறுக்கம்' என்று எல்லாம் கட்டி வைத்த சாக்கு. முதல் வருடம் அத்தனையும் ஆங்கிலத்தில் வந்தது. தெரிந்த விசயம்தான், ஆனால் விரிவுரையாளர் ஒரு வசனம் முடிக்கும்போது நான் முதல் சொல்லை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது வசனம் காற்றோடு போகும். நான் மொக்கனாகிவிட்டேன் என்றே 4 மாதம் நம்பினேன். சொற்கள் பழகிய பிறகு அதே பாடம் அதே மண்டைக்குள் போனது.

இன்னொன்று, ஸ்லைட்டில் இருக்கும் வசனத்தை அப்படியே வாசிப்பவர்கள். நாங்கள் கண்ணால் வேகமாக வாசிப்போம், அவர் வாயால் மெதுவாக வாசிப்பார். இரண்டும் முட்டும். வாயை மூடினால் விளங்கும், அல்லது ஸ்லைட்டை மூடினால் விளங்கும். இதை எந்தச் செயலமர்வில் சொல்லலாம்?

வெண்கட்டி மிஸ், எழுதிக்கொண்டு கேட்ட பாடம் ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை. எழுதச் சொன்னால் நாங்கள் எழுதுவோம், அவ்வளவுதான். "விளங்கினதோ" என்றால் ஓம் என்போம், இல்லை என்றால் மணியடிக்கும் வரை முடியாது.

---

தென்மராட்சிஅம்மா

உங்கள் கதையைக் கேட்க எனக்கு அழுகை வருகிறது. மகள் தரம் 11. பாடசாலை 1.30க்கு விடும். பிறகு கணிதத்துக்கு ஒரு ரியூசன், சனி ஞாயிறு இன்னொன்று. அலகு ஒன்றுதான், ஆனால் பாடசாலையில் ஒரு முறை, மற்ற இருவரிடமும் வெவ்வேறு முறை. ஒருவர் குறுக்கு வழி சொல்வார், மற்றவர் அதை வெட்டச் சொல்வார். மூன்று கொப்பி. பரீட்சையில் எந்தக் கொப்பியை நினைப்பது என்று கேட்கிறாள்.

கொப்பி நிறையாவிட்டால் நானே "இன்றைக்கு ஒன்றும் படிப்பிக்கவில்லையா" என்று கேட்கிறவள்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

---

ரியூசன்காரன்

அக்கா, மூன்றில் ஒன்றை நிற்பாட்டுங்கள். இதை நான் சொல்வதால் எனக்குத்தான் நட்டம்.

ஆனால் ஆசிரியர்களிடம் ஒரு கேள்வி. இவ்வளவும் நோய். மருந்து என்ன? எல்லாவற்றையும் பிட்டு வாயில் வைப்பதா?

---

மூன்றாம்பாடவேளை

செய்து காட்டிய உதாரணம்தான் முதல் மருந்து. சுவெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் அட்சரகணிதத்தில் பார்த்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு எல்லாக் கணக்கையும் தாங்களே செய்யக் கொடுத்தார்கள். மற்றப் பகுதிக்கு ஒரு கணக்கு முழுக்கச் செய்து காட்டியது, அடுத்தது அதே மாதிரி செய்ய வேண்டியது, இப்படிச் சோடி சோடியாக. பார்த்துப் படித்தவர்கள் பிறகு ஒத்த கணக்குகளை விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள். உங்களுக்காகவே மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன்: மாதிரி மாறிய கணக்குகளில் அந்த ஆய்வில் அவர்களுக்கு மேலதிக நன்மை இருக்கவில்லை.

வெண்கட்டி ரீச்சருக்கு இன்னும் கிட்டியது ஒன்று. 1988இல் ரோஹானி தர்மிஸியும் சுவெல்லரும் கேத்திரகணிதத்தில் அதே வேலையைச் செய்தபோது செய்து காட்டிய உதாரணம் பலிக்கவில்லை. ஏன்? படம் ஒரு பக்கம், நிறுவல் வரிகள் இன்னொரு பக்கம். பிள்ளையின் கண் இரண்டுக்கும் நடுவே ஓடிக் களைத்தது. வரிகளைப் படத்துக்குள்ளேயே அந்தந்தக் கோணத்துக்குப் பக்கத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் பலித்தது. நீங்கள் போன கிழமை பலகையில் செய்தது முதல் வகை. நாங்கள் எல்லோருமே அதைத்தான் செய்கிறோம், பாடநூலும் அப்படித்தான் இருக்கிறது.

பிட்டு வைப்பது பற்றி: முதல் உதாரணம் முழுதாக, அடுத்ததில் கடைசி அடி வெறுமையாக, அதற்கடுத்ததில் கடைசி இரண்டு அடி வெறுமையாக. 5ஆவது கணக்குக்குள் கை முழுக்க எடுத்துவிடலாம்.

---

ரியூசன்காரன்

அது சரி வரலாம். ஆனால் இதை என் இணைந்த கணித வகுப்பில் செய்து பார்த்தவன் நான். கெட்டிக்காரப் பொடியன்கள் 8 பேர். முழுதாகச் செய்து காட்டினால் கொட்டாவி. அவர்களுக்குத் தாங்களாக மல்லுக்கட்ட ஒன்று வேண்டும். ஒருவன் என் முறையைப் பார்த்து, தன் முறையைக் குழப்பிக்கொண்டு, இரண்டிலும் பிழை விட்டான்.

---

மூன்றாம்பாடவேளை

நீங்கள் கண்டதற்கு ஆய்விலும் பெயர் உண்டு. கலியூகா, அயர்ஸ், சான்ட்லர், சுவெல்லர் நால்வரும் 2003இல் எழுதியது: தொடக்கக்காரருக்கு உதவும் விளக்கம் தேர்ந்தவருக்குத் தடையாகும். ஏற்கெனவே சாக்குக் கட்டி வைத்திருப்பவனிடம் இன்னொரு சாக்கைக் கொடுத்து 'இதிலும் கட்டு' என்றால் எரிச்சல் வராதா? ஆக நீங்கள் உங்கள் 8 பேருக்குச் செய்வது சரி. வெண்கட்டி ரீச்சரின் 34 பேரும் அந்த 8 பேர் இல்லை என்பதுதான் நான் சொல்வது.

---

இலக்கணப்பூனை

இடையில் ஒன்று. எங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் திருவிழா. நாதஸ்வரம் வந்தால் பிள்ளைகள் சமாளிக்கிறார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்தல் தொடங்கினால் ஒரு வரி ஏறாது. என் கற்பனையா?

---

மூன்றாம்பாடவேளை

கற்பனை இல்லை. சொற்களை மனதில் சொல்லி வைத்திருக்கும் இடத்துக்குள் வெளிப்பேச்சும் புகுந்துவிடும். விளங்காத மொழியில் பேசினாலும் குழப்பும் என்று கண்டிருக்கிறார்கள். உபயகாரர் பட்டியல் முடியும் வரை படம் கீற வையுங்கள்.

---

வெண்கட்டி (16 நாட்களுக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. தவணைப் பரீட்சை வேலையில் மாட்டிவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பனங்கூடல் சேர் சொன்னபடி பின்னால் போனேன். வட்டத்துக்குள் இரண்டு ஆரை, ஒரு நாண். கவராயத்தை எடுத்துக் கீறு, சமமான கோணங்களைக் குறி. ஒரு பாடவேளை முழுவதும் அதுதான். எனக்கே நேரம் வீணாகிறது என்று நெஞ்சு இடித்தது. 11 பேருக்கு அடிக்கோணம் எது என்று குறிக்கத் தெரியவில்லை! இவர்களுக்குத்தான் நான் நிறுவல் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் "பேனையை வையுங்கோ" என்றேன். நம்பவில்லை. இரண்டு பேர் மேசைக்குக் கீழே எழுதினார்கள். தேற்றத்தின் வசனத்தை எழுதவில்லை. படத்தில் வில்லின் மேல் விரலை வைத்து, இந்த இரண்டு முனையில் இருந்தும் மையத்துக்கு இரண்டு கோடு, 'எதிரமைக்கும்' என்றால் இதுதான் என்றேன். கோணங்களைப் படத்துக்குள்ளேயே எழுதினேன், ஒவ்வொரு அடிக்கும் 1, 2, 3 என்று இலக்கம் போட்டு. சொல்லும்போது எழுதவில்லை, எழுதும்போது சொல்லவில்லை. இது நினைத்ததை விடக் கஷ்டம். 14 வருடப் பழக்கம், கை ஓட வாய் தானாக ஓடுகிறது. கடைசி 8 நிமிடம் மட்டும் கொப்பி.

பிறகு வெறுமை விட்ட தாள்கள். போட்டோக் கொப்பிக் காசு என்னுடையது, அதை யாரும் ஆய்வில் சேர்ப்பதில்லை.

மறுநாள் திருப்பிக் கீறிய படத்தைக் கொடுத்தேன். 34இல் 21 பேர் சரி. 220 சொன்ன பிள்ளை, மையக் கோணம் எது என்று முதலில் தேடிக் குறித்துவிட்டு 55 என்றாள். ஆனால் மையக் கோணம் 180ஐத் தாண்டிய பின்வளை கோணத்தில் பழைய நிலைதான். 5 பேர்தான் சரி. படம் மாறினால் சாக்கு அவிழ்கிறது. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. முன்வாங்கில் இருக்கும் 4 பேருக்கு இந்த வேகம் அலுப்பு. அவர்களுக்கு ரியூசன்காரன் சேர் சொன்ன மாதிரி, தாளில் ஒன்றுமே செய்து காட்டாமல் கணக்கை மட்டும் கொடுத்தேன். சந்தோசம்.

கொப்பிகள் மெலிந்துவிட்டன. பாடம் பார்க்க வந்த ஒருவர் இரண்டு கொப்பியைப் புரட்டிவிட்டு, "இந்த அலகுக்குக் குறிப்புக் காணாதே" என்றார். பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள் என்றேன். நேரமில்லை என்றார்.

---

பனங்கூடல்

பின்வளை கோணத்துக்கு: வட்டத்தைக் கீறி, மேற்புள்ளியை மட்டும் மெல்ல மெல்ல நகர்த்தி 5 படம் கேளுங்கள். கோணம் கணிக்க வேண்டாம், படம் மட்டும். எந்த வில் எந்தக் கோணத்துக்குச் சொந்தம் என்று நிறம் தீட்டட்டும். அந்தச் சிவப்புப் பேனைக்கு அப்போதாவது வேலை வரும்.

---

கடைசிவாங்கு

மிஸ், மேசைக்குக் கீழே எழுதிய இரண்டு பேருக்கும் என் வணக்கம்.

---

தென்மராட்சிஅம்மா

ஒரு ரியூசனை நிற்பாட்டினேன். இந்த இழையை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது கோணங்களைப் படத்துக்குள்ளேயே எழுதுகிறாள், இலக்கமும் போடுகிறாள். நேற்று மற்ற ரியூசன் சேர் அதைப் பார்த்து, "படத்தைக் கிறுக்காதே" என்று அழிறப்பரைக் கையில் கொடுத்தாராம்.

---

ரியூசன்காரன்

அது நான் இல்லை அக்கா. என்னிடம் ஏ.எல். மட்டும்தான்.